ஃபீஸ் இல்ல, நுழைவுத் தேர்வு இல்ல, குலுக்கல் மட்டும்தான்: கிப் சார்ட்டர் ஸ்கூல் எப்படி நடக்குது, பிள்ளைங்க எங்க போய்ச் சேந்தாங்க

ஹூஸ்டன்ல கல்ஃப்டன்னு ஒரு ஏரியா இருக்கு. நெருக்க நெருக்கமா அபார்ட்மென்ட், மத்திய அமெரிக்கால இருந்து வந்த குடும்பங்கள் நிறைய, வீட்ல ஸ்பானிஷ்தான் பேச்சு. 1995ல அங்க ஒரு இளம் டீச்சர் வீடு வீடா கதவைத் தட்டி, உங்க பிள்ளைய என் ஸ்கூலுக்கு அனுப்புங்க, காலைல ஏழரைக்கு வந்து சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் இருக்கணும், சில சனிக்கிழமையும் வரணும், கோடை லீவுலயும் சில வாரம் வரணும், ஆனா பிள்ளை காலேஜ் போற வரைக்கும் நாங்க விடமாட்டோம்னு சொல்லிட்டு இருந்தார். அவர் பேரு மைக் ஃபைன்பர்க். அதே வருஷம் அவரோட கூட்டாளி டேவ் லெவின் நியூயார்க் தெற்கு பிராங்ஸ்ல இதே மாதிரி இன்னொண்ணு ஆரம்பிச்சிருந்தார், இன்னொரு அரசு ஸ்கூல் கட்டடத்துக்குள்ள இடம் வாங்கி. இந்த ரெண்டு பேரும் டீச் ஃபார் அமெரிக்கா (புதுசா டிகிரி முடிச்சவங்கள ஏழை ஏரியா ஸ்கூலுக்கு டீச்சரா அனுப்பற அமைப்பு) வழியா ஹூஸ்டனுக்கு வந்த புது டீச்சருங்க, 1994ல ஒரு அரசு ஸ்கூல்ல அஞ்சாங்கிளாஸ் பிள்ளைங்களுக்கு ஒரு தனி புரோகிராமா ஆரம்பிச்சதுதான் கிப். முழுப் பேரு நாலெட்ஜ் இஸ் பவர் புரோகிராம். அந்தப் பேரே ஹாரியட் பால்ங்கிற ஹூஸ்டன் டீச்சரம்மா வகுப்புல பிள்ளைங்க சேந்து பாடற பாட்டுல இருந்து எடுத்தது, அவங்க வாய்ப்பாட்டையெல்லாம் ராகமும் தாளமுமா கத்துக்கொடுப்பாங்க, இவங்க ரெண்டு பேருக்கும் பாடம் நடத்தக் கத்துக்கொடுத்ததே அவங்கதான். கிப் பத்திப் பேசறவங்க நிறைய பேர் அவங்க பேரை விட்டுடறாங்க, அது எனக்கு வருத்தம்.

அமெரிக்கால சார்ட்டர் ஸ்கூல்னா என்னன்னு நம்ம ஆளுங்ககிட்ட கேட்டா பாதி பேர் பிரைவேட் ஸ்கூல்னு சொல்றாங்க, மீதி பேர் கெட்டிக்கார பிள்ளைங்களுக்கான ஸ்கூல்னு சொல்றாங்க. ரெண்டும் தப்பு. இது அரசுப் பணத்துல நடக்கற பொதுப் பள்ளி, ஃபீஸ் வாங்கக்கூடாது, மதம் சொல்லித்தரக்கூடாது, மார்க் பாத்து சேக்கக்கூடாது, ஸ்பெஷல் எஜுகேஷன் தேவைப்படற பிள்ளைய வேணாம்னு சொல்லக்கூடாது. நம்ம ஊர் அரசு உதவி பெறும் பள்ளிய நெனச்சுக்கிட்டா பாதி புரியும், பணம் அரசோடது, நிர்வாகம் வேற ஆளோடது. மீதி பாதிதான் முக்கியம்: சார்ட்டர்ங்கிறது ஒரு ஒப்பந்தம், அதுக்குக் கெடு உண்டு. பெரும்பாலும் அஞ்சு வருஷம் மாதிரி ஒரு காலத்துக்கு, அனுமதி குடுக்கற அமைப்பு ஒண்ணு (அது மாநிலக் கல்வித்துறையா இருக்கலாம், பல்கலைக்கழகமா இருக்கலாம், உள்ளூர் ஸ்கூல் போர்டா இருக்கலாம்) கையெழுத்து போட்டுக் குடுக்கும், பிள்ளைங்க படிப்பு சரியில்ல, கணக்கு வழக்கு சரியில்லன்னா கெடு முடிஞ்சதும் புதுப்பிக்காம மூடிடலாம். அதுக்கு பதிலா ஸ்கூலுக்கு என்ன கிடைக்குதுன்னா, எத்தனை மணி நேரம் நடத்தறது, யாரை வேலைக்கு எடுக்கறது, பணத்தை எதுல செலவு பண்றது, எந்தப் பாடத்தை எப்படி நடத்தறதுன்னு அந்த ஊர் அரசு ஸ்கூல்களையெல்லாம் நிர்வாகம் பண்ற ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் ஆபீஸ கேக்காம தானே முடிவு பண்ற உரிமை. மாநிலப் பரிட்சை மட்டும் எல்லாரையும் போல எழுதியே ஆகணும். முதல் சட்டம் 1991ல மின்னசோட்டால வந்துச்சு, அடுத்த வருஷமே செயின்ட் பால் நகரத்துல சிட்டி அகாடமின்னு முதல் சார்ட்டர் ஸ்கூல் திறந்தாங்க, ஸ்கூல விட்டு நின்னுபோன பசங்களத் திரும்பக் கூட்டிட்டு வர்றதுக்காக. இப்ப நாடு முழுக்க ஏழாயிரத்துக்கும் மேல சார்ட்டர் ஸ்கூல், முப்பத்தஞ்சு லட்சத்துக்கு மேல பிள்ளைங்க.

கிப் ஆரம்பிச்சப்ப அது சார்ட்டர் ஸ்கூலே இல்ல, டிஸ்ட்ரிக்ட்டுக்குள்ள ஒரு புரோகிராமாத்தான் இருந்துச்சு. அதனால இடத்துக்கு அலைஞ்சாங்க. ஹூஸ்டன்ல இடம் கிடைக்கற மாதிரி இல்லன்னதும் ஃபைன்பர்க், ஹூஸ்டன் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டோட தலைமை அதிகாரி (சூப்பரின்டென்டன்ட்) ராட் பெய்ஜோட கார் பம்பர் மேல போய் உக்காந்து, அவர் ஆபீஸ் முடிஞ்சு வெளிய வர்ற வரைக்கும் காத்திருந்து பேசினார்னு ஒரு கதை கிப் வட்டாரத்துல எல்லாருக்கும் தெரியும். (அந்த பெய்ஜ்தான் 2001ல அமெரிக்காவோட கல்வி அமைச்சர் ஆனார்.) ட்ரெய்லர் மாதிரி கொண்டுவந்து வைக்கற தற்காலிக அறைங்கள்லதான் ஹூஸ்டன் கிப் பல வருஷம் நடந்துச்சு. பிறகு டெக்சாஸ்லயும் நியூயார்க்லயும் சார்ட்டர் சட்டம் வந்ததும் ரெண்டு ஸ்கூலும் சார்ட்டரா மாறிச்சு, ஏன்னா அவங்க கேட்ட சுதந்திரம் அந்தச் சட்டத்துல எழுதியே இருந்துச்சு.

சேக்கறது எப்படின்னா, விண்ணப்பம் போடணும், இருக்கற இடத்த விட அதிகமா விண்ணப்பம் வந்தா குலுக்கல். அவ்வளவுதான். தம்பி தங்கச்சிங்களுக்கு முன்னுரிமை உண்டு, சில இடத்துல அந்த ஏரியா பிள்ளைங்களுக்கும் உண்டு. பேரு வராதவங்க வெயிட்டிங் லிஸ்ட்ல நிக்கணும். இந்தக் குலுக்கல் பத்தி பின்னாடி திரும்ப வரேன், ஏன்னா கிப் நிஜமாவே உதவுதா இல்லயான்னு கண்டுபிடிக்க ஆராய்ச்சியாளருங்களுக்கு கிடைச்ச ஒரே நேர்மையான வழி அதுதான்.

சேந்த பிறகு ஒரு காகிதத்துல மூணு பேர் கையெழுத்து போடணும், பிள்ளை, பெத்தவங்க, டீச்சர். பிள்ளை நேரத்துக்கு வருவேன், ஹோம்வொர்க் முடிப்பேன்னு. பெத்தவங்க வீட்ல பாத்துக்குவோம்னு. டீச்சர் எப்ப வேணாலும் கிடைப்பேன்னு. அந்த மூணாவது கையெழுத்து சும்மா போட்டது இல்ல. டீச்சருங்களுக்கு செல்போன் குடுத்து நம்பர பிள்ளைங்ககிட்ட குடுத்துடுவாங்க, ராத்திரி ஹோம்வொர்க்ல கணக்கு வரலன்னா பிள்ளை ஃபோன் பண்ணிக் கேக்கலாம். வீட்ல இங்கிலீஷ் படிச்சவங்க யாரும் இல்லாத பிள்ளைக்கு ராத்திரி எட்டரைக்கு பின்னம் சொல்லித்தர ஒரு ஆள் இருக்குன்னா அது எவ்வளவு பெரிய விஷயம்னு முதல் தலைமுறையா படிச்ச யாருக்கும் தனியா விளக்க வேண்டியதில்ல. ஆனா அந்த ஃபோனோட இன்னொரு முனைல இருக்கற டீச்சருக்கும் ஒரு குடும்பம் இருக்கும், காலைல ஏழேகாலுக்கு அவரும் ஸ்கூல்ல இருக்கணும். புது டீச்சருங்க ரெண்டு மூணு வருஷத்துல களைச்சுப்போய் விட்டுட்டுப் போறது கிப்புக்கு ரொம்ப நாள் தீராத தலைவலி. 2009ல புரூக்ளின்ல இருக்கற ஒரு கிப் ஸ்கூல் டீச்சருங்க யூனியன்ல சேர முடிவு பண்ணினது இந்தப் பின்னணிலதான், பெரும்பாலான சார்ட்டர்ல யூனியன் கிடையாதுங்கறதால அப்ப அது பெரிய செய்தி. பிற்காலத்துல பல கிப் ஸ்கூல்ல பள்ளி நேரத்தைக் குறைச்சாங்க, சனிக்கிழமையையும் குறைச்சாங்க.

வகுப்புக்குள்ள நிறைய விதி. நிமிந்து உக்காரு, கவனி, கேள்வி கேளு, தலையாட்டு, பேசறவங்களப் பாரு, இதுக்கு அவங்க ஒரு சுருக்கெழுத்தே வச்சிருந்தாங்க, ஸ்லான்ட்னு. நல்லா நடந்துக்கிட்டா வாரா வாரம் சம்பளச் சீட்டு மாதிரி ஒண்ணு, அதுல இருக்கற பாயின்ட்ட வச்சு ஸ்கூல் கடைல பென்சில் நோட்டு வாங்கலாம், வருஷக் கடைசில டூர் போற தகுதியும் அதுலதான். தப்பு பண்ணினா தனியா உக்கார வைச்சு மத்த பிள்ளைங்களோட பேசக்கூடாதுன்னு வைக்கற பழக்கமும் ஆரம்ப காலத்துல இருந்துச்சு. வகுப்புங்களுக்குப் பேரு அஞ்சாவது ஆறாவதுன்னு இல்ல, அந்தப் பிள்ளைங்க எந்த வருஷம் காலேஜ்ல நுழைவாங்களோ அந்த வருஷம்தான் வகுப்போட பேரு. பத்து வயசுப் பிள்ளைகிட்ட நீ எந்த வகுப்புன்னு கேட்டா அவன் காலேஜ் சேரப்போற வருஷத்தைச் சொல்லுவான். எனக்கு இது ரொம்பப் பிடிச்ச விஷயம், தனியா உக்கார வைக்கறது கொஞ்சமும் பிடிக்கல. ரெண்டும் ஒரே ஸ்கூல்ல ஒரே ஆளுங்க பண்ணினதுதான்.

இந்த ஒழுங்குமுறை பத்தி வெளிய இருந்து ரொம்ப நாளா விமர்சனம் வந்துட்டே இருந்துச்சு, கறுப்பு, லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) பிள்ளைங்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு கட்டுப்பாடு, பணக்கார ஏரியா ஸ்கூல்ல இப்படி நடத்துவாங்களான்னு. 2020ல ஜார்ஜ் ஃபிளாய்ட்ங்கிற கறுப்பினத்தவரை போலீஸ் கொன்ன பிறகு பழைய மாணவர்களே பேச ஆரம்பிச்சாங்க. அந்த ஜூன்ல டேவ் லெவின் அவங்களுக்கு ஒரு கடிதம் எழுதி, நாங்க உருவாக்கின பள்ளிக் கலாசாரம் உங்களக் காயப்படுத்தியிருக்குன்னு ஒத்துக்கிட்டு வருத்தம் தெரிவிச்சார். அடுத்த மாசமே, உழை, நல்லபடியா நடந்துக்கோங்கற அர்த்தத்துல இருபத்தஞ்சு வருஷமா சட்டைல சுவத்துல எல்லாம் இருந்த வாசகத்தை கிப் கைவிட்டுது, அது அடங்கிப்போறதை உயர்த்திக் காட்டுதுன்னு காரணம் சொல்லி. சிலர் இது தேவையில்லன்னாங்க. உழைப்பு பத்தின பகுதிய அவங்க வச்சிருக்கலாமேன்னு எனக்கும் தோணுச்சு, ஆனா அந்தச் சட்டைய போட்டு வளந்தவங்க சொல்லும்போது வெளிய இருக்கற என் கருத்துக்கு எடை கம்மிதான்.

பணம் எங்க இருந்து வருதுன்னு பாத்தா, பிள்ளை தலைக்கு இவ்வளவுன்னு அரசு குடுக்கும், பிள்ளை எங்க போகுதோ பணமும் கூடவே போகும். ஆனா டெக்சாஸ் மாதிரி இடத்துல டிஸ்ட்ரிக்ட்டுக்கு வர்ற உள்ளூர் சொத்து வரி சார்ட்டருக்கு வராது, மாநிலம்தான் தரணும், கட்டடம் கட்டவும் டிஸ்ட்ரிக்ட் மாதிரி வரி போட்டு, அதைக் காட்டி கடன் பத்திரம் (பாண்டு) விக்க முடியாது. அந்தப் பள்ளத்தை நன்கொடைதான் நிரப்புது. கிப்புக்கு பெரிய திருப்பம் 2000ல, கேப் துணிக்கடையோட நிறுவனர்கள் டோரிஸ், டொனால்ட் ஃபிஷர் தம்பதி 1.5 கோடி டாலர் குடுத்து இதை நாடு முழுக்க கொண்டுபோங்கன்னாங்க. அப்படித்தான் கிப் ஃபவுண்டேஷன் வந்துச்சு. இங்க ஒரு விஷயம் கவனிக்கணும், ஃபவுண்டேஷன் ஸ்கூல்களுக்குச் சொந்தக்காரர் இல்ல. ஒவ்வொரு ஊர்லயும் ஒரு லாப நோக்கமில்லாத அமைப்பு, அதுக்குன்னு தனி போர்டு, அவங்கதான் சார்ட்டர் வாங்கி நடத்தறாங்க. ஃபவுண்டேஷன் பிரின்சிபலாகப் போறவங்களுக்கு ஒரு வருஷம் பயிற்சி குடுக்குது, கிப்ங்கிற பேர உபயோகிக்க அனுமதி குடுக்குது, தரம் போச்சுன்னா பேரைத் திருப்பி எடுத்துக்குது, அப்படிப் பேரை இழந்த ஸ்கூலும் உண்டு. இன்னைக்கு 270க்கு மேல ஸ்கூல், ஒரு லட்சத்துக்கு மேல பிள்ளைங்க, பெரும்பாலும் கறுப்பினப் பிள்ளைங்க, லத்தீனோ பிள்ளைங்க, பத்துல எட்டுப் பேருக்கு மேல இலவசமாவோ குறைஞ்ச விலைக்கோ மதிய சாப்பாடு வாங்கற தகுதி உள்ள குடும்பம்.

சரி, படிப்பு வருதா? மேத்தமேட்டிகாங்கற ஆராய்ச்சி நிறுவனம் 2013ல கிப்போட 43 நடுநிலைப் பள்ளிங்களப் பத்தி ஒரு அறிக்கை விட்டுச்சு. கிப்ல சேந்து மூணு வருஷம் கழிச்சு, அதே மாதிரிப் பின்னணி உள்ள மத்த பிள்ளைங்களோட ஒப்பிட்டா கணக்குல சுமார் 11 மாசப் படிப்பு கூட, வாசிப்புல 8 மாசம், சயின்ஸ்ல 14 மாசம் கூடன்னு வந்துச்சு. கெட்டிக்காரப் பிள்ளைங்களா பாத்து எடுக்கறாங்க, மோசமானவங்கள வெளிய அனுப்பிடறாங்கன்னு ஒரு குற்றச்சாட்டு இருந்துச்சே, அதையும் பாத்தாங்க. வர்ற பிள்ளைங்க சுத்துவட்டார ஸ்கூல் பிள்ளைங்கள விட வசதியானவங்களும் இல்ல, கெட்டிக்காரங்களும் இல்ல, பாதில விட்டுப் போறவங்க அளவும் பக்கத்து அரசு ஸ்கூல் மாதிரியேதான். ஆனா ஸ்பெஷல் எஜுகேஷன் பிள்ளைங்களும் இங்கிலீஷ் புதுசா கத்துக்கற பிள்ளைங்களும் கொஞ்சம் கம்மி, அதோட ஏழாவது எட்டாவதுல இடம் காலியானா அதை நிரப்பறதுல பக்கத்து ஸ்கூல் அளவுக்கு கிப் தாராளமா இல்ல, அப்படி நடுவுல சேர்றவங்களும் கொஞ்சம் நல்லா படிக்கறவங்களா இருந்தாங்க. இதுனால மட்டும் அந்த 11 மாசம் வந்துடாதுன்னு ஆராய்ச்சியாளருங்க சொல்றாங்க, நானும் ஒத்துக்கறேன், இருந்தாலும் பொதுப் பணத்துல நடக்கற ஸ்கூல் நடுவுல வர்ற பிள்ளைக்கும் கதவைத் திறந்து வச்சிருக்கணும், வீடு மாறி மாறி அலையற ஏழைக் குடும்பத்துப் பிள்ளைதான் ஏழாவதுல வந்து நிக்கும்.

இப்ப நான் சொல்ல வந்த இடத்துக்கு வரேன். ஆரம்பத்துல கிப்னா அஞ்சாவது முதல் எட்டாவது வரைக்கும் மட்டும்தான். எட்டாவது முடிச்ச பிள்ளைங்கள ஸ்காலர்ஷிப் வாங்கிக் குடுத்து நல்ல ஹைஸ்கூல்ல சேத்து விட்டாங்க, பிரைவேட், கத்தோலிக்க ஸ்கூல், ஹாஸ்டல் ஸ்கூல்னு. மார்க் பிரமாதம், டிவில வந்தாங்க. வேற எந்த ஸ்கூலா இருந்தாலும் அங்கயே கணக்கை முடிச்சிருக்கும். இவங்க முடிக்கல, பிள்ளைங்களோட தொடர்புல இருந்தாங்க, யாரு காலேஜ் சேந்தாங்க, யாரு முடிச்சாங்கன்னு பேர் பேரா எண்ணினாங்க. 2011ல அந்தக் கணக்க அவங்களே வெளியிட்டாங்க: எட்டாவது முடிச்சு பத்து வருஷத்துக்கு மேல ஆன பழைய மாணவர்கள்ல நாலு வருஷ டிகிரி முடிச்சவங்க 33 சதவீதம்.

இந்த 33 நல்லதா கெட்டதா? நாட்டுல வருமானம் குறைஞ்ச குடும்பத்துப் பிள்ளைங்கள்ல டிகிரி முடிக்கறவங்க சுமார் 8 சதவீதம்தான், எல்லாப் பிள்ளைங்களையும் சேத்தாலே 31தான், ஏழைப் பிள்ளைங்களோட அந்த 8ஐ வச்சுப் பாத்தா நாலு மடங்கு. ஆனா பத்து வயசுலயே காலேஜ் வருஷத்தைப் பேரா வச்சு, எல்லாரும் ஏறுவோம்னு சொல்லிக்கூட்டிட்டுப் போன மலைல மூணுல ரெண்டு பேர் உச்சிக்கு வரல. அந்த அறிக்கைலயே, பணக்காரக் குடும்பத்துப் பிள்ளைங்க எந்த அளவுக்கு முடிக்கறாங்களோ அந்த 75 சதவீதம்தான் எங்க இலக்குன்னு எழுதினாங்க. அவங்க எண்ணின விதத்தையும் பாக்கணும். நிறைய ஸ்கூல் பன்னெண்டாவது முடிச்சவங்கள்ல இருந்து எண்ண ஆரம்பிக்கும், நடுவுல உதிந்தவங்க கணக்குலயே வரமாட்டாங்க. இவங்க எட்டாவதுல இருந்து எண்ணினாங்க. நம்பர் சின்னதாத்தான் வரும், ஆனா அதுல யாரும் மறையல.

ஏன் நின்னாங்கன்னு தேடினப்ப படிப்பு மட்டும் காரணமா வரல. புத்தகத்துக்குக் காசு இல்ல, ஊருக்கு வர பஸ் டிக்கெட்டுக்கு இல்ல, வீட்ல அம்மாவுக்கு முடியல, ஹாஸ்டல்ல தன்னைப் போல ஒருத்தரும் இல்ல, எந்த ஆபீஸ்ல போய் எதைக் கேக்கறதுன்னு தெரியல. நம்ம வீடுங்கள்ல முதல் தலைமுறைப் பட்டதாரி ஆனவங்ககிட்ட கேட்டுப் பாருங்க, இதே பட்டியலத்தான் சொல்லுவாங்க. எந்தக் காலேஜ்ல சேர்றாங்கங்கறதும் பெரிய விஷயமா இருந்துச்சு. ஒரே மார்க் உள்ள பிள்ளை, ஏழைப் பிள்ளைங்கள கைபிடிச்சு டிகிரி வரைக்கும் கொண்டுபோற காலேஜ்ல சேந்தா முடிப்பான், பாதி பேர் விட்டுப் போற காலேஜ்ல சேந்தா விட்டுடுவான். அதனால ஒவ்வொரு காலேஜும் வருமானம் குறைஞ்ச பிள்ளைங்கள்ல எத்தனை பேரை முடிக்க வைக்குதுன்னு பாத்து விண்ணப்பம் போட வைக்க ஆரம்பிச்சாங்க, பென்சில்வேனியால ஃபிராங்க்ளின் அன்ட் மார்ஷல் மாதிரி காலேஜ்களோட ஒப்பந்தம் போட்டாங்க, காலேஜ் போன பிறகும் ஃபோன் பண்ணி விசாரிக்கற ஆலோசகருங்கள வச்சாங்க. ஸ்கூலோட வடிவமே மாறிச்சு. 2004ல ஹூஸ்டன்ல சின்னப் பிள்ளைங்களுக்கு ஒண்ணு, ஹைஸ்கூல் ஒண்ணுன்னு ஆரம்பிச்சது, இப்ப நிறைய ஊர்ல கிண்டர்கார்டன்ல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் கிப்தான். பட்டப்படிப்பு வேணாம், தொழில் கத்துக்கறேன்னு சொல்ற பிள்ளைக்கும் வழி காட்டணும்னு பிற்பாடு அந்த ஆலோசனைப் பிரிவுக்கு கிப் ஃபார்வர்டுன்னு பேர மாத்தினாங்க.

இங்கதான் அந்தக் குலுக்கல் திரும்ப வருது. குலுக்கல்ல பேரு வந்த பிள்ளையும் வராத பிள்ளையும் ஒரே மாதிரிக் குடும்பம், ரெண்டு பேரோட பெத்தவங்களும் விண்ணப்பம் போட்ட அக்கறை உள்ளவங்க, வித்தியாசம் அதிர்ஷ்டம் மட்டும்தான். அதனால பத்து வருஷம் கழிச்சு ரெண்டு குழுவையும் தேடிப் பாத்தா ஸ்கூல் என்ன பண்ணுச்சுன்னு தெரியும். மேத்தமேட்டிகா அதைப் பண்ணி 2023ல வெளியிட்டுச்சு. கிப் நடுநிலைப் பள்ளில மட்டும் படிச்சு வேற ஹைஸ்கூல் போனவங்களுக்கு டிகிரி முடிக்கறதுல பெரிசா வித்தியாசம் தெரியல, உறுதியா சொல்ற அளவுக்கு இல்ல. நடுநிலையும் ஹைஸ்கூலும் ரெண்டுமே கிப்ல படிச்சவங்க நாலு வருஷக் காலேஜ்ல சேர்றது 31 சதவீதப் புள்ளி கூட, டிகிரி முடிக்கறது 19 புள்ளி கூட. ஹைஸ்கூலுக்குத் தொடர்ந்து போறது பிள்ளைங்க தாங்களே எடுத்த முடிவு, குலுக்கல் முடிவு இல்ல, அதனால இந்த ரெண்டாவது நம்பரைக் கொஞ்சம் ஜாக்கிரதையா பாக்கணும். அப்படியும் 19 பெரிய நம்பர். அஞ்சாவதுல இருந்து எட்டாவது வரைக்கும் எவ்வளவு பாடுபட்டாலும் அதுக்கப்புறம் கைய விட்டா அந்தப் பாடு டிகிரி வரைக்கும் வந்து சேரலங்கறது 2011ல அவங்களே சந்தேகப்பட்டதுதான்.

அமெரிக்கால இருக்கற நம்ம ஆளுங்க நிறைய பேர் வீட்டுப் பக்கத்துல ஒரு சார்ட்டர் இருக்கு, ஃபீஸ் இல்லயாம், போடலாமான்னு கேக்கறாங்க. கிப்போ வேற எதுவோ, போய்ப் பாக்கும்போது சார்ட்டர் எப்ப புதுப்பிக்க வருது, நடுவுல காலியாகற இடத்த நிரப்பறாங்களா, ஸ்பெஷல் எஜுகேஷனுக்கு டீச்சர் இருக்காங்களா, போன வருஷம் இருந்த டீச்சருங்கள்ல எத்தனை பேர் இந்த வருஷமும் இருக்காங்கன்னு கேளுங்க. நூறு சதவீதம் பேர் காலேஜ்ல சேந்தாங்கன்னு பேனர் தொங்கும். அவங்கள்ல எத்தனை பேர் முடிச்சாங்கன்னு கேளுங்க, அந்தக் கணக்க எந்த வகுப்புல இருந்து எண்ண ஆரம்பிச்சீங்கன்னும் கேளுங்க.